தவக்காலச் சிந்தனை: ஓரியூர் செம்மண்ணும் லிஸ்பன் அரண்மனையும்



தவக்காலம் வரும்போதெல்லாம் நம் ஆலயங்களுக்குள் பாலைநிலமும் வந்துவிடுகிறது. பீடத்தின் முன்னால் மணலைக் கொட்டி, காய்ந்த முள்கிளை ஒன்றை நட்டு, பக்கத்தில் ஒரு மண்பானையை வைக்கிறோம். தவக்கால முதல் ஞாயிறு நற்செய்தியில், ஆண்டவர் இயேசு நாற்பது நாள் பாலைநிலத்தில் இருந்து சோதிக்கப்பட்டதை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். ஆனாலும் பாலைநிலம் என்றவுடன் நம் மனக்கண்ணில் வருவது ஒட்டகமும் மணல்மேடும்தான். நாட்காட்டிப் படங்களும் சினிமாவும் நமக்குக் கற்றுக்கொடுத்தது அது. யூதேயாவின் பாலைநிலம் வேறு மாதிரியானது. கல்லும் பாறையுமான மேடுகள், மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் ஆடு மேய்கிற புல், மழை பெய்தால் மட்டும் வெள்ளம் ஓடுகிற ஓடைகள் என்று கிடக்கும் நிலம் அது. வனத்து அந்தோணியார் என்று நாம் அன்போடு அழைக்கும் எகிப்து நாட்டுத் துறவி வாழ்ந்ததும் பாலைநிலத்தில்தான். நம் முன்னோர் அதை வனம் என்று சொல்லிவிட்டதால், அவரை அடர்ந்த காட்டுக்குள் இருந்தவர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர் உண்டு.

தமிழ் மரபுக்கும் பாலை புதிதல்ல. பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு தம் இயல்பு கெட்டுப்போனால் அதுவே பாலை என்று நம் பழைய இலக்கியம் சொல்கிறது. ஆழமாக யோசிக்க வேண்டிய கருத்து இது. பச்சையாக இருந்த இடமே பாலையாகும். எனவே பாலை எந்த வீட்டுக்கும் வரலாம். அந்தப் பழைய இலக்கணம் மறவர்களையும் எயினர்களையும் பாலை நிலத்து மக்களாகச் சொல்கிறது. மறவர் சீமை என்று பெயர் பெற்ற இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி நம் மதுரைக்குக் கிழக்கே தொடங்குகிறது. நம் வைகை ஆறு ஓடி அடங்கும் இடம் இராமநாதபுரம் பெரிய கண்மாய். மதுரையில் பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிக நாள் பார்க்கிறோம் என்றால், அந்தக் கடைசிக் கண்மாய்க்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சீமையில் உயிர் கொடுத்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சிந்திக்கிறோம். புனித அருளானந்தர், போர்த்துக்கீசியப் பெயர் ஜான் தெ பிரிட்டோ. நம் பகுதியில் இந்தப் பெயரைக் கேட்காதவர் இல்லை. கருமாத்தூரில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, வீட்டுக்கு ஒரு பிரிட்டோவோ அருளானந்தமோ இருக்கிறார்கள். அவருடைய கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கதையில் நாம் வழக்கமாக விட்டுவிட்டுத் தாண்டிப்போகிற பகுதி ஒன்று உண்டு. அவருக்கு உண்மையான சோதனை வந்தது ஓரியூரில்தானா என்ற கேள்வி அந்தப் பகுதியில்தான் எழுகிறது.

அவர் 1647 மார்ச் 1 அன்று லிஸ்பன் நகரில் பிறந்தார். உயர்குடிக் குடும்பம். தந்தை அரசுப் பொறுப்பேற்றுப் பிரேசில் நாட்டுக்குப் போய், மகன் சிறு குழந்தையாக இருக்கும்போதே அங்கே இறந்துவிட்டார். பிள்ளை அரண்மனையில், பின்னாளில் அரசரான பேதுரு இளவரசரோடு சேர்ந்து வளர்ந்தான். கடும் நோய் வந்தபோது தாய் புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்ததும், நேர்ச்சைப்படி ஓராண்டு முழுவதும் இயேசு சபையாரின் அங்கியை அணிவித்தார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்து பிள்ளைக்குக் காவி உடுத்தும் நம் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நேர்ச்சை அங்கி ஓராண்டோடு கழன்றுவிடவில்லை. 1662 டிசம்பரில் அவன் இயேசு சபையிலேயே சேர்ந்துவிட்டான். மகன் இந்தியாவுக்குப் போகப்போகிறான் என்று தெரிந்ததும் அதே தாய் அதைத் தடுக்க முயன்றார். கணவனை ஒரு கடலுக்கு அப்பால் பறிகொடுத்தவர், மகனை இன்னொரு கடலுக்கு அனுப்ப எப்படி மனம் வரும்?

1673இல் குருவாகி, அதே ஆண்டில் கப்பல் ஏறி கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மலையாளக் கரையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து தமிழகத்துக்குள் வந்தார். அவர் சேர்ந்தது 'மதுரை மிஷன்'. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வழியில் நடந்த பணி அது. நொபிலி பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தார். எல்லாச் சாதி மக்களையும் அணுகுவதற்குப் பண்டார சுவாமிகள் என்ற இன்னொரு முறையும் பின்னர் வந்தது. அருளானந்தர் தேர்ந்துகொண்டது பண்டார வாழ்வை. காவி உடை, கையில் கோல், புலால் இல்லாத எளிய சோறு, தரையில் படுக்கை. செஞ்சிப் பகுதியில் தொடங்கி ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார். காய்ச்சலும் விரட்டலும் ஓட்டமுமான அந்த ஆண்டுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே விட்டுவிடுகிறோம்.

1686இல் மிஷனின் தலைவராக இருந்த நிலையில் மறவ நாட்டுக்குள் நுழைந்தார். குருக்கள் போகவே அஞ்சிய நாடு அது. அங்கே மே மாதத்திலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் 2,000-க்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஜூலை 17 அன்று அவரும் உபதேசியார்களும் பிடிபட்டார்கள். சிவனை வணங்க மறுத்ததற்காகச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். சங்கிலியால் மரத்தில் தொங்கவிடப்பட்டார்கள், கயிற்றில் கட்டிக் குளத்து நீரில் திரும்பத் திரும்ப அமிழ்த்தப்பட்டார்கள். கண்மாய் வற்றிக் காற்று புழுதியை வாரி இறைக்கும் ஆடி மாதம் அது. ஓரியூர் மறைசாட்சியத்தை வரையும் ஓவியர்கள் வெடித்த நிலத்தையும் கருகிய மரத்தையும் வரைவார்கள். உண்மையில் அந்த வறட்சியை அவர் அனுபவித்தது இந்த முதல் கைதின்போதுதான். (சீமைக்கருவேல மரத்தை வரைபவர்களும் உண்டு. அது அக்காலத்தில் நம் நாட்டுக்கே வந்திருக்கவில்லை. பனையும் உடைமரமும்தான் சேதுச்சீமையின் பழைய மரங்கள்.)

சாவுக்குத் தயாராகவே இருந்தார்கள். ஆனால் சாவு வரவில்லை. இராமநாதபுரத்தில் ஆட்சி செய்த கிழவன் சேதுபதி அவரை வரவழைத்து, அவர் என்ன போதிக்கிறார் என்று விசாரித்தார். பின்னர், இந்த நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுதலை செய்தார். சேதுபதி மன்னரைக் கொடுங்கோலனாக மட்டும் காட்டுவது நம் மேடை வழக்கம். அது நியாயமில்லை என்றே நாம் நினைக்கிறோம். இராமநாதபுரம் கோட்டையைக் கட்டி, சிதறிக் கிடந்த சீமையை ஒன்றாக்கி ஆண்ட வலிமையான அரசர் அவர். ஒருமுறை அருளானந்தரை உயிரோடு அனுப்பிவைத்தவரும் அவரே.

நாம் தாண்டிப்போகிற பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

உடம்பில் காயம் ஆறாத அந்த மனிதரை, மதுரை மிஷனின் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687இல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அரண்மனைப் பழக்கம் மாறாத இளைஞராகப் புறப்பட்டவர், கறுத்து மெலிந்து, தழும்புகளோடு திரும்பினார். சிறு வயதுத் தோழர் பேதுரு இப்போது அரசர். நகரமே அவரைப் பார்க்கத் திரண்டது. அரசர் அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும், இளவரசருக்கு ஆசானாக்கவும் விரும்பினார். தடுத்தால் யார் குறை சொல்ல முடியும்? உடல்நலம் போய்விட்டது. மறவ நாட்டில் போதிக்கத் தடை இருக்கிறது. லிஸ்பனில் இருந்துகொண்டே மதுரை மிஷனுக்குப் பணமும் ஆளும் அனுப்பலாம். இந்தக் காரணங்கள் எல்லாமே நல்ல காரணங்கள். அதுதான் இதில் உள்ள ஆபத்து.

நற்செய்தியில் அலகை ஆண்டவரிடம் வந்தபோது என்ன பேசியது என்று கவனித்திருக்கிறோமா? அது வாளைக் காட்டி மிரட்டவில்லை. அப்பத்தைக் காட்டியது, ஊரார் வியக்கும் புகழைக் காட்டியது, அரசுகளைக் காட்டியது. மூன்றும் கிடைக்கிற இடம் ஒரு பொட்டல் காடாக இருக்க முடியாது, ஓர் அரண்மனையாகத்தான் இருக்க முடியும். பாலைநிலத்தில் வந்த சோதனை என்பது பாலையை விட்டு வெளியே வந்துவிடும்படி வந்த அழைப்பு. இஸ்ரயேல் மக்களுக்கும் அதுவே நடந்தது. செங்கடலைக் கடந்தவர்கள், தாகத்துக்கும் பசிக்கும் நடுவில் எகிப்தின் இறைச்சிச் சட்டிகளை நினைத்து ஏங்கினார்கள். தங்களை அடிமைகளாக வைத்திருந்த நாட்டின் வெங்காயமும் வெள்ளரிக்காயும்கூட அவர்கள் நினைவுக்கு வந்தன.

லிஸ்பனில் அருளானந்தர் செய்த ஒரு காரியம் மிகச் சிறியதாகத் தெரியும். அவர் அங்கும் பண்டார சுவாமியாகவே உண்டார். இறைச்சி தொடவில்லை, மது அருந்தவில்லை. காய்கறியும் கீரையும் சோறுமாக, மறவ நாட்டில் சாப்பிட்டது போலவே சாப்பிட்டார். பெரிய விருந்துகள் நடக்கும் ஊரில் இது எத்தனை பேருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்! நம் வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் இரண்டு வருடம் கழித்து விடுப்பில் வந்தால், அவர்கள் எந்த ஊர்க்காரர்களாக மாறியிருக்கிறார்கள் என்று முதல் வேளைச் சாப்பாட்டிலேயே தெரிந்துவிடும். லிஸ்பனில் பிறந்தவர் லிஸ்பனுக்கு விருந்தாளியாகிவிட்டார். நாக்கை ஒருமுறை பழைய ருசிக்குத் திருப்பிவிட்டால் காலும் பின்னாலேயே திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தவக்கால ஒறுத்தல்களை, வெள்ளிக்கிழமைக் கறி விடுவதை, சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

1690இல் மறுபடியும் கப்பல் ஏறினார். அந்த ஆண்டின் இறுதியில் கோவா. 1691இல் மீண்டும் மறவ நாடு. முதல் முறை போனபோது என்ன காத்திருக்கிறது என்று அவருக்கு முழுமையாகத் தெரியாது. இந்த முறை அந்த மரமும் குளமும் சங்கிலியும் தெரியும். நாம் பெரும்பாலும் தெரியாமல்தான் பாலைக்குள் போய்விடுகிறோம். வேலை போகிறது, மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொல்கிறார், மகள் வாழாமல் வீடு திரும்புகிறாள். தெரிந்தே திரும்பிப் போகிறவர்கள் மிகக் குறைவு.

அக்காலத்தில் மதுரையை ஆண்டவர் இராணி மங்கம்மாள். கே.கே. நகரில் இருக்கிற நமக்கு அவருடைய நினைவு தூரத்தில் இல்லை. காந்தி அருங்காட்சியகமாக இருக்கும் தமுக்கம் அரண்மனை அவருடையது. மதுரையில் அருள்பணியாளர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. ஆனால் சேதுச்சீமையில் கிழவன் சேதுபதியின் சொல்லே சட்டம். அருளானந்தர் ஊர் எல்லைகளிலும் தோப்புகளிலும் ஓலைக் குடிசை போட்டுத் தங்கி, இரவில் மக்களைச் சந்தித்து அருளடையாளங்களை நிறைவேற்றினார்.

மறவர் குலத்துத் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் போய் அவர்மேல் நற்செய்தியை வாசித்துச் செபித்தார். நோய் நீங்கியது. தடியத் தேவர் திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் ஐவர். ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். தேவர் இசைந்தார். மற்றவர்களுக்கு வாழ்க்கை வசதி செய்துகொடுப்பதாகச் சொல்லி விலக்கினார். 1693 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று திருமுழுக்கு நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி. சேதுபதியின் உறவுப்பெண். அவர் போய் முறையிட்டார்.

நம் பங்குகளில் போடும் அருளானந்தர் நாடகத்தில் கடலாயி வந்தால் ஆர்மோனியம் மாறிவிடும். கண்ணை உருட்டி, சபதம் போட்டு, பேய் போலச் சிரிக்கிற வேடம் அது. திருமணம் பற்றிய திருச்சபையின் ஒழுங்கில் நமக்கு ஐயம் கிடையாது. ஆனால் அந்தப் பெண் என்ன குற்றம் செய்தார்? அவர் காலத்து வழக்கப்படி கட்டிக்கொடுக்கப்பட்டார், அந்த வழக்கப்படி வாழ்ந்தார், ஒருநாள் காலையில் நீ மனைவி இல்லை என்று கேட்டார். விவிலியத்தில் இப்படி ஒருத்தி உண்டு. ஆபிரகாமின் வீட்டிலிருந்து ஒரு துருத்தித் தண்ணீரோடும் பிள்ளையோடும் அனுப்பப்பட்ட ஆகார். தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையைப் புதர் நிழலில் கிடத்திவிட்டு, அது சாவதைப் பார்க்க மனமில்லாமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுதாள். கடவுள் அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டார், அவளுக்கு ஒரு கிணற்றைக் காட்டினார். வாக்குறுதி ஈசாக்கின் வழியாகத்தான் சென்றது. ஆனாலும் வெளியே அனுப்பப்பட்டவளைத் தேடிப் பாலைநிலத்துக்கு இறைவன் போனார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த முறை நாடகம் போடும் இளைஞர் மன்றத்தினர் கடலாயியின் அழுகைக்கும் ஒரு காட்சி ஒதுக்கினால், புனிதருக்கு அதனால் குறை வந்துவிடாது. அரசர் சினம் கொண்டதற்கு அந்த முறையீடு மட்டுமே காரணமும் அல்ல. தடியத் தேவருக்கு அரியணை உரிமை இருந்ததாகவும், செல்வாக்குள்ள ஒருவர் புது நெறிக்குப் போவதை அரண்மனை அச்சத்தோடு பார்த்ததாகவும் வரலாறு எழுதியோர் சொல்கிறார்கள். பழியை எல்லாம் ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைப்பது எளிது, அவ்வளவுதான்.

ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைதானார். இராமநாதபுரம் கொண்டுபோனார்கள். அங்கேயே கொன்றால் கலகம் வரலாம் என்று, மாத இறுதியில் ஓரியூருக்கு, அரசரின் சகோதரர் உடையத் தேவரிடம் அனுப்பினார்கள். பாம்பாற்றின் கரையில், தொண்டிக்கடல் அதிக தூரமில்லாத சிற்றூர். அங்கே சிறையில், பிப்ரவரி 3 அன்று, அவர் தம் தலைவர் பிரான்சிஸ் லைனஸ் அடிகளாருக்குக் கடிதம் எழுதினார். மையும் எழுதுகோலும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பால் தொட்டு எழுதினார். அந்தக் கடிதத்தில் புலம்பல் இல்லை. முதல் கைதின்போது கைநழுவிப்போனது இப்போது கிடைக்கப்போகிறது என்ற மகிழ்ச்சியே இருந்தது.

மறுநாள் 1693 பிப்ரவரி 4. அது சாம்பல் புதன். அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22 அன்று வந்தது. உயிர்ப்பு ஞாயிறு அதைவிட முன்னதாக வரவே முடியாது. எனவே சாம்பல் புதனும் வர முடிந்த மிக முந்தைய நாளில் வந்தது. அந்தக் காலையில் அவர் நெற்றியில் சாம்பல் பூச ஒரு குரு இல்லை. ஆற்றங்கரை மேட்டுக்கு நடத்திப்போனார்கள். சிறிது நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். தலையை வெட்டினார்கள். பிறகு கைகளையும் கால்களையும் துண்டித்து, உடலைக் கழுமரத்தில் தொங்கவிட்டார்கள். காவல் போட்டு, யாரும் எடுத்துப்போய் அடக்கம் செய்யாதபடி பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு வயது 45. பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

தை மாதம் ஆகையால் கண்மாய்களில் அப்போது தண்ணீர் இருந்திருக்கும், வயலில் அறுவடை நடந்திருக்கும். ஓவியர்கள் வரைகிற வெடித்த நிலம் அன்றைக்கு ஓரியூரில் இருந்திருக்காது. அவரைப் பொறுத்தவரை வறண்ட நாள்கள் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டன. லிஸ்பனில் கப்பல் ஏறிய அன்றே முடிந்துவிட்டன என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. ஓரியூரில் அவரிடம் யாரும் எதையும் காட்டி ஆசை காட்டவில்லை. அங்கே அவருக்கு மிஞ்சியிருந்தது எதிர்நோக்கு மட்டும்தான்.

அந்த எதிர்நோக்கு உடனே பலன் கொடுக்கவில்லை. மறவ நாட்டுக் கிறிஸ்தவர்கள் தொடர்ந்து துன்பப்பட்டார்கள். அருளானந்தருடைய புனிதர் பட்ட வேலையும் நின்றுபோனது. அவர் காவி உடுத்தியதும், தமிழ்ப் பழக்கங்களைக் கைக்கொண்டதும் முறையா என்று ஐரோப்பாவில் நடந்த நீண்ட சர்ச்சை குறுக்கே வந்தது. அவை தடையாகாது என்று திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1741இல் தீர்ப்புச் சொன்னார். அதன்பின் 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. மதுரை மிஷன் பல பத்தாண்டுகள் போதிய மேய்ப்பர் இல்லாமல் கிடந்தது. அந்தக் காலத்தில் செபத்தையும் நம்பிக்கையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காத்தவர்கள் உபதேசியார்களும் பாட்டிமார்களும். அவர்கள் பெயர் எந்தப் பீடத்திலும் இல்லை. புது மதுரை மிஷன் 1830களின் இறுதியில் தொடங்கியது. 1853இல் திருத்தந்தை 9ஆம் பயஸ் அருளானந்தரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அவர் இறந்து 160 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1938இல் மதுரை தனி மறைமாவட்டமானது. 1947 ஜூன் 22 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலமே இருந்தபோது, 12ஆம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்துக்குள் ஓரியூர் இப்போது இருக்கிறது.

லிஸ்பனில் அவருடைய அண்ணன் பெர்னாண்டோ தம்பியின் வரலாற்றை நூலாக எழுதினார். அரண்மனையில் இருந்திருக்க வேண்டிய தம்பியைப் பற்றி, அவன் இறந்த ஊரை ஒருநாளும் பார்க்காத அண்ணன் எழுதிய நூல் அது.

தவக்காலத்தில் ஓரியூர் போக விரும்பும் குடும்பங்கள் நம் பகுதியில் நிறைய உண்டு. மாட்டுத்தாவணியில் ஏறினால் சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று தொண்டிச் சாலையில் போய், அங்கிருந்து ஓரியூர். வழியெங்கும் கண்மாய்க்கரைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். மறைசாட்சியின் இரத்தம் விழுந்த இடம் என்று மக்கள் வணங்கும் செம்மணலைச் சிறு பொட்டலமாகக் கட்டி எடுத்து வருகிறார்கள், நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போகிறவர்கள் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். பங்குனி வெயில் அங்கே ஒன்பது மணிக்கே ஏறிவிடும். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், வழியில் கேட்பவர்களுக்கும் சேர்த்து.